நிதானக் கட்சிக்கு என்ன ஆச்சு?

நெய்வேலி டவுன்ஷிப்பில் இருக்கிறவங்களுக்கு வடலூர் பக்கத்து ஊர்தான். தைப்பூசத்துக்கு ஜோதி பார்க்கப் போய் வராத வீடு குறைவு. அந்த வடலூர் வள்ளலார் ஒரு பாட்டில், தன் மனசில் பூத்துக் காய்த்த காய் நல்லபடியாகப் பழுக்குமா, வெம்பி விழுந்துடுமா, குரங்கு பறித்துக்கொண்டு போயிடுமா என்று இறைவனிடம் பதறுவார். பாரதி அதே பாட்டை எடுத்துத் திரித்து, 'கோக்கலே சாமியார் பாடல்' என்று எழுதினார். அதில் பதறுகிறவர் கோகலே. அவர் நம்பியிருக்கும் இறைவன், லண்டனில் இந்தியா மந்திரியாக இருந்த மார்லி. குரங்கு யார் என்றால், கர்சன்!

கிண்டல் ஒரு பக்கம் இருக்கட்டும். ஒரு கட்சியின் மொத்த அரசியலையும் ஒரே உவமையில் பிடிச்சுட்டார் மனுஷன். காய் பழுக்கும்வரை காத்திருப்பதுதான் அவர்களுடைய கொள்கையே.

இன்றைக்குப் பாடப் புத்தகங்களில் 'மிதவாதிகள்' என்று படிக்கிறோமே, அவர்களைத்தான் சொல்கிறேன். பாரதி வேறொரு பாட்டில் அவர்களை 'நிதானக் கட்சியார்' என்கிறார். திலகர் பக்கத்து ஆட்கள் 'புதிய கட்சி'. அந்தப் பாட்டின் பெயர் 'நாம் என்ன செய்வோம்'. மெட்டு, கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தன் சரித்திரத்திலிருந்து எடுத்தது. ஒரு கிண்டலுக்கு வடலூர், இன்னொன்றுக்குச் சிதம்பரம். இரண்டுமே நம்ம பக்கத்துச் சரக்கு என்பதில் எனக்கு ஒரு தனி சந்தோஷம்.

1905இல் கர்சன் வங்காளத்தைப் பிரித்ததும் காங்கிரஸுக்குள் சண்டை முற்றியது. மனு கொடுப்போம், சட்டசபையில் பேசுவோம், லண்டனுக்குத் தூது போவோம் என்றார்கள் நிதானக் கட்சியார். அன்னியத் துணியை நாடு முழுக்கப் பகிஷ்கரிப்போம், சுயராஜ்யம் கேட்போம் என்றது புதிய கட்சி. 1907 டிசம்பரில் சூரத் காங்கிரஸில் மேடையை நோக்கி ஒரு செருப்பு பறந்தது. அது சுரேந்திரநாத் பானர்ஜி மேலும் பிரோஸ்ஷா மேத்தா மேலும் பட்டது என்பார்கள். வ.உ.சி.யும் பாரதியும் அங்கே போயிருந்தார்கள். காங்கிரஸ் உடைந்தது. கட்சி நிதானக்காரர்கள் கையில் நின்றது, தெரு புதிய கட்சியிடம் போனது.

சென்னையில் அந்தக் கட்சியின் முகம் மயிலாப்பூர் வக்கீல் வி. கிருஷ்ணசாமி ஐயர். பாரதியின் 'இந்தியா' பத்திரிகை இவர் தரப்பை வறுத்தெடுத்துக்கொண்டிருந்தது. அப்படியும் 1907இல் ஜி.ஏ. நடேசன் பாரதியை இவரிடம் கூட்டிப்போக, பாட்டுகளைக் கேட்டு உருகி, தன் சொந்தக் காசில் ஆயிரக்கணக்கில் அச்சடித்து இலவசமாகக் கொடுக்க ஏற்பாடு செய்தார். தன் கட்சியைக் கிழிக்கிறவன் பாட்டைத் தானே அச்சுப் போடுவது சின்ன விஷயம் இல்லை. இன்றைக்கு எந்தக் கட்சியிலாவது இது நடக்குமா, நீங்களே சொல்லுங்க.

இன்னொன்று. 1906இல் ஆர்பத்நாட் என்கிற வெள்ளைக்கார கம்பெனி திவாலானது. சென்னையில் எத்தனையோ குடும்பங்களின் சேமிப்பு போச்சு. கூட்டம் போட்டுக் கண்டித்துவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். கிருஷ்ணசாமி ஐயரும் கூட்டாளிகளும் 1907இல் ஒரு பேங்கையே ஆரம்பித்தார்கள். அதுதான் இந்தியன் பேங்க். உங்க வீட்டில் அந்த பாஸ்புக் இருந்தால், அது நிதானக் கட்சிக்காரர்கள் விட்டுப்போன சொத்து. அந்தத் தலைமுறையில் இப்படி நிறைய உண்டு. 1904இல் ஆரம்பித்த திருவல்லிக்கேணி கூட்டுறவு சங்கம் இன்றும் சென்னையில் மளிகைக் கடை நடத்துகிறது. அதை ஆரம்பித்தவர்களில் ஒருவர் அன்றைக்குப் பள்ளி ஹெட்மாஸ்டராக இருந்த சீனிவாச சாஸ்திரி. சிவசாமி ஐயர் பேரில் இருக்கிற பள்ளிக்கூடங்களையும் கணக்கில் சேர்க்கலாம்.

சரி, இவ்வளவு செய்தவர்களின் கட்சி எப்படிக் காணாமல் போச்சு?

காந்தி வந்தார், இவர்கள் கரைந்தார்கள் என்று ஒரு வரியில் சொல்வது வழக்கம். எனக்கு அது போதவில்லை. வியாதி முன்னாடியே இருந்தது. காய் பழுப்பதும் பழுக்காததும் மரத்துக்காரன் கையில்தான் என்று இவர்கள் ஒத்துக்கொண்டுவிட்டார்கள். மார்லி 1909இல் ஒரு சீர்திருத்தம் கொடுத்தார். சட்டசபையில் நாற்காலி கூடியது, அதிகாரம் கூடவில்லை. கோகலே 1911இல் கட்டாய ஆரம்பக் கல்விக்கு மசோதா கொண்டுவந்தார். அடுத்த வருஷமே தோற்கடித்துவிட்டார்கள். இவ்வளவு நியாயமான கோரிக்கையே தோற்றபோது 'அடுத்து என்ன?' என்று யாராவது கேட்டால், இன்னொரு மசோதா என்பதைத் தவிர இவர்களிடம் பதில் இல்லை.

1918இல் மாண்டேகு–செம்ஸ்போர்டு திட்டத்தை ஏற்பதா என்பதில் தகராறு வந்தது. நிதானக்காரர்கள் காங்கிரஸை விட்டே வெளியேறி, பம்பாயில் தனியாகக் கூடினார்கள். அதுதான் பின்னால் லிபரல் ஃபெடரேஷன் ஆனது. 1920இல் அந்தத் திட்டப்படி தேர்தல் வந்தது. காங்கிரஸ் பகிஷ்கரித்தது. மைதானம் காலி, லிபரல்களுக்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் வருமா? சென்னை மாகாணத்தில் ஜெயித்தது ஜஸ்டிஸ் கட்சி. முதல் மந்திரியாக வந்தவர் கடலூர் வக்கீல் சுப்பராயலு ரெட்டியார், நம்ம மாவட்டத்துக்காரர்!

இதை நான் முக்கியமாகப் பார்க்கிறேன். ஜஸ்டிஸ் கட்சியும் வெள்ளைக்காரனோடு பேசித்தான் காரியம் சாதிக்கப் பார்த்தது. முறையில் அதுவும் நிதானக் கட்சிதான். நாலு கோடி பேர் இருந்த மாகாணத்தில் ஓட்டு இருந்தது சுமார் 12 லட்சம் பேருக்கு. ஆனால் அந்தச் சின்ன வட்டத்திலும் பிராமணரல்லாதாருக்கு வேலை, படிப்பு என்று சொல்ல அவர்களிடம் ஒரு விஷயம் இருந்தது, கேட்க ஆள் இருந்தது. மயிலாப்பூர் லிபரல்களிடம் நல்ல இங்கிலீஷ் இருந்தது. யாருக்காகப் பேசுகிறோம் என்பதை அவர்கள் எப்பவும் 'இந்தியா' என்றே சொன்னார்கள். விருத்தாசலம் தாலுகாவில் ஒரு குடியானவன் அதைக் கேட்டால் தன்னைத்தான் சொல்கிறார்கள் என்று எப்படிப் புரிந்துகொள்வான்?

சீனிவாச சாஸ்திரியின் கதையில் இந்தக் கட்சியின் பலமும் பலவீனமும் சேர்ந்தே தெரியும். வலங்கைமானில் பிறந்தவர். கோகலேக்குப் பிறகு இந்திய ஊழியர் சங்கத்தின் தலைவர். 1919இல் ரௌலட் மசோதாவை எதிர்த்து டெல்லி கவுன்சிலில் அவர் பேசிய பேச்சு பிரசித்தம். அதே மசோதாவை எதிர்த்து காந்தி சத்தியாக்கிரகம் தொடங்கினபோது அதில் சேரவில்லை. 1927இல் தென்னாப்பிரிக்காவுக்கு இந்தியாவின் முதல் ஏஜென்டாகப் போனார். அங்கே பேச்சுதான் அவர் ஆயுதம், அது பலித்தது. டர்பனில் இந்தியப் பிள்ளைகளுக்காக அவர் முயற்சியில் எழுந்த பள்ளிக்குச் சாஸ்திரி காலேஜ் என்றே பேர்.

1935இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்குத் துணைவேந்தராகச் சிதம்பரம் வந்தார். அந்தப் பதவியில் இருந்தபோதே, மலேயா ரப்பர் தோட்டத்துத் தமிழ்க் கூலிகளின் நிலையைப் பார்த்துவர இந்திய அரசு அவரை அனுப்பியது. 1937இல் அறிக்கை வந்தது. செலவு கொடுத்து ஆள் கூட்டிப்போவதைத் தடுக்கக் காரணம் ஏதும் இல்லை என்பது அதன் சாரம். மலேயா இந்தியர்கள் கொதித்துப்போனார்கள். தோட்டத் துரைகள் காட்டியதைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார் என்றார்கள். அடுத்த வருஷமே, 1938இல், இந்திய அரசு அந்த ஆள் அனுப்புதலைத் தடை செய்தது. சாஸ்திரி நேர்மையானவர், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் தோட்டத்து லயத்தில் இருந்தவன் அவரிடம் என்ன பேசியிருப்பான், எவ்வளவு நேரம் பேசியிருப்பான் என்ற கேள்வி என்னை விடமாட்டேன் என்கிறது.

மனு அரசியல் செத்துப்போச்சு என்று யாரும் நினைக்க வேண்டாம். திங்கட்கிழமை கடலூர் கலெக்டர் ஆபீசில் குறைதீர் கூட்டத்துக்குப் போய்ப் பாருங்க. நிலம் கொடுத்தவர்கள், பட்டா கேட்பவர்கள், வேலை கேட்பவர்கள் என்று மனுவோடு வரிசையில் நிற்பார்கள். கோகலே காலத்துக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம், வரிசையில் நிற்கிற ஒவ்வொருவருக்கும் ஓட்டு இருக்கு. மனுவை வாங்குகிறவருக்கும் அது தெரியும்.

1946 ஜனவரியில் சென்னை வந்த காந்தி, ஆஸ்பத்திரியில் படுத்திருந்த சாஸ்திரியைப் போய்ப் பார்த்தார். வாழ்நாள் பூரா அரசியலில் எதிரெதிர்ப் பக்கம் நின்றவர்கள், இருவருமே கோகலேயைக் குருவாக நினைத்தவர்கள். ஏப்ரலில் சாஸ்திரி காலமானார். அதே வருஷக் கடைசியில் சிவசாமி ஐயரும் போய்ச் சேர்ந்தார். மயிலாப்பூர் லஸ்ஸில் ரானடே நூலகத்து மாடியில் சாஸ்திரி பேரில் ஒரு ஹால் இருக்கு. அங்கே கச்சேரி நடக்கும்.