ஊருக்கு பஸ் உண்டு

சென்சஸ் புத்தகத்தில் எங்க ஊருக்கும் ஒரு வரிசை உண்டு. மொத்த சனத்தொகை, அதில் தாழ்த்தப்பட்டோர் எத்தனை பேர், பஸ் உண்டா இல்லையா. பஸ் இல்லாத கிராமத்துக்கு 2011 கணக்கில் தூரமும் போட்டார்கள்: 5 கிலோமீட்டருக்குள்ளா, 5 முதல் 10 வரையா, அதற்கும் மேலா என்று. எங்களுக்கு 'உண்டு'.

அந்தக் கணக்குக்கு வருவாய்க் கிராமம்தான் அலகு. ஆள் எண்ணும்போது நம்மைத் தனியாகப் பிரிக்கிறவர்கள், பஸ்ஸை எண்ணும்போது ஊரோடு சேர்த்துவிடுகிறார்கள். பஸ் நிற்பது ஊர்ச்சாவடி முன்னால். அங்கிருந்து சேரிக்கு முக்கால் மைல் நடை. பிள்ளைத்தாச்சியும் நடக்கணும், நெல்மூட்டை தலைச்சுமையாத்தான் வரணும்.

இந்த நடைக்கு ஒரு வரலாறு இருக்கு. பொதுத்தெருவில் நாமும் நடக்கலாம் என்று இரட்டைமலை சீனிவாசன் சென்னைச் சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்தது 1924இல். அப்புறமும் பல பஸ் முதலாளிகள் நம்ம சனத்தை ஏற்றவில்லை. 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் இராமநாதபுரம் ஜில்லா போர்டு தலைவர் டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன், ஏற்றாத பஸ்ஸுக்கு லைசென்ஸ் கிடையாது என்று உத்தரவு போட்டார். 1997இல் விருதுநகர் போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை வைத்தபோது எதிர்ப்பு கிளம்பி, தென்மாவட்டங்களில் கலவரம் வெடித்தது. கடைசியில் எல்லாக் கழகங்களிலிருந்தும் தலைவர்கள் பெயரையே அரசாங்கம் எடுத்துவிட்டது. முன்னால் நாம் ஏறக்கூடாது என்றார்கள். பின்னால் நம்ம பேர் ஏறக்கூடாது என்றார்கள்.

'உண்டு' என்று எழுதுகிற கட்டத்துக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம் வேணும்: எந்தத் தெருவுக்கு?