போர்வீரர் விட்டுச் சென்ற கடிதங்கள்

சரித்திர நூல்களைத் திறந்தால் அரசர்களும் தளபதிகளுமே நம் முன் வந்து நிற்பர். இன்ன ஆண்டில் இன்ன இடத்திற் போர் நடந்தது; இத்தனை பேர் மடிந்தனர்; இன்னார் வென்றார் என்று அறிந்துகொண்டு நூலை மூடிவிடுகிறோம். மடிந்த அந்த இத்தனை பேரும் யாவர்? போருக்கு முதல்நாள் இரவு அவர்கள் எதனை எண்ணி விழித்திருந்தனர்? இவ்வினாக்களுக்கு விடை தரவல்ல சான்றுகளை நிறைய விட்டுச் சென்ற போர்களுள் ஒன்று, 1861 முதல் 1865 வரை ஐக்கிய அமெரிக்காவிலே நடந்த உள்நாட்டுப் போராகும்.

அடிமை முறையை விடமாட்டாத தென் மாநிலங்கள் கூட்டாட்சியினின்றும் பிரிந்து சென்றன. 1861 ஏப்ரில் 12ஆம் நாள் முதற் பீரங்கி வெடித்தது. நான்கு ஆண்டுகளில் மாண்டோர் தொகை 620,000 என நெடுங்காலமாகச் சொல்லப்பட்டது. அண்மைக்கால ஆய்வாளர் அத்தொகை ஏறத்தாழ ஏழு இலட்சமோ அதனினும் மிகையோ ஆகலாம் என்பர். இவர்களுட் பெரும்பாலோரைக் கொன்றது குண்டன்று, காய்ச்சலும் வயிற்றோட்டமுமேயாம்.

இப்போரின் கடிதங்கள் பெருந்தொகையாக எஞ்சியமைக்குக் காரணங்கள் உள. வெள்ளையரான போர்வீரருள் வடக்கிலே நூற்றுக்குத் தொண்ணூறு பேரும், தெற்கிலே எண்பது பேரும் எழுத வாசிக்கத் தெரிந்தவர்கள். முத்திரை இல்லாத வடநாட்டுச் சிப்பாய், பெறுவோரே கட்டணம் செலுத்துமாறு கடிதம் அனுப்பச் சட்டம் இடங்கொடுத்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, பிற்காலப் போர்களிற்போலக் கடிதங்களைப் படித்து வெட்டும் தணிக்கை அதிகாரிகள் அன்று இருக்கவில்லை. ஆதலால் அச்சத்தையும் பசியையும் மேலதிகாரி மீதுள்ள வெறுப்பையும் அவர்கள் ஒளியாது எழுதினர். கடதாசித் தட்டுப்பாடு மிகுந்த தெற்கிலே, எழுதி முடிந்த பக்கத்தைத் திருப்பி, முந்திய வரிகளுக்குக் குறுக்கே எழுதியனுப்பியோரும் உண்டு.

றோட் ஐலண்ட் மாநிலத்துச் சட்டத்தரணியாகிய சலிவன் பலூ, 1861 ஜூலை 14ஆம் நாள், வாஷிங்டனுக்கு அருகிலிருந்த பாசறையிலே தம் மனைவிக்கு ஒரு கடிதம் எழுதினார். நாட்டுக்குச் செய்யவேண்டிய கடன் ஒருபுறம், மனைவி மக்கள்மீது கொண்ட அன்பு மறுபுறமாக அவர் மனம் பட்ட பாடு அதிலே உளது. ஒரு வாரத்தின் பின் புல் றன் போர்க்களத்திற் படுகாயமுற்று அவர் இறந்தார். அக்கடிதம் தபாலிற் சேர்க்கப்படாமல் அவருடைய பெட்டியிலேயே கிடந்ததாம். மூலம் இன்று இல்லை, பிரதிகளே காக்கப்படுகின்றன.

மற்றொரு கடிதம் இதனின் வேறுபட்டது. ஜேம்ஸ் ஹென்றி கூடிங் என்பவர் 54ஆம் மசச்சூசெற்ஸ் படையைச் சேர்ந்த கறுப்பினக் கோப்பிரல். வெள்ளைச் சிப்பாய்க்கு மாதம் 13 டொலர் கொடுத்த அரசு, கறுப்புச் சிப்பாய்க்குப் 10 டொலர் என விதித்து, அதிலும் உடைக்கென 3 டொலரைக் கழித்தது. 1863 செப்டெம்பர் 28ஆம் நாள் கூடிங் சனாதிபதி லிங்கனுக்கே நேராக எழுதினார். ஒரு போர்வீரனுக்குரிய கடமையைச் செய்துவிட்டோம். அவனுக்குரிய சம்பளம் எமக்கு ஏன் இல்லை என்பதே அவர் தொடுத்த வினா. சமசம்பளச் சட்டம் 1864 ஜூனில் நிறைவேறியது. அப்போது கூடிங் அண்டர்சன்வில் சிறைமுகாமிலே கைதியாக இருந்தார். அடுத்த மாதமே அங்கு மாண்டார். அவர் கடிதம் அமெரிக்கத் தேசிய சுவடிக்கூடத்தில் இன்றும் இருக்கிறது.

சுவடிகள் தப்பிப் பிழைக்கும் வழி சிலவேளை வியப்புக்குரியது. அடிமையாயிருந்து தப்பிப் படையிற் சேர்ந்த ஸ்பொட்ஸ்வூட் றைஸ், 1864இலே மிசூரியின் வைத்தியசாலைப் படுக்கையிலிருந்து, அடிமைத்தளையிற் கிடந்த தம் பெண்மக்களுக்கு எழுதினார். மகளை வைத்திருந்த எசமாட்டிக்கும், பிள்ளையை மீட்கப் படையுடன் வருவேன் என எச்சரித்து எழுதினார். எசமாட்டியின் சகோதரர் சினங்கொண்டு, இவனை மாநிலத்தைவிட்டு அகற்றுக என முறையிட்டு, அக்கடிதங்களையும் சான்றாகத் தளபதிக்கு அனுப்பினார். முறைப்பாட்டோடு இணைக்கப்பட்டமையாலேயே அந்தத் தந்தையின் குரல் இன்று நமக்குக் கேட்கிறது!

விதவைகளும் தாய்மாரும் உபகாரச் சம்பளம் கேட்டு மனுச்செய்தபோது, மணத்துக்கும் மகனின் ஆதரவுக்கும் அத்தாட்சியாகத் தாம் பொத்திவைத்திருந்த கடிதங்களையே கையளித்தனர். அவை திரும்பி வரவில்லை. அரசாங்கக் கோவைகளில் தங்கிவிட்டன. அந்தப் பிரிவை எண்ணும்போது நம் நெஞ்சு கலங்குகிறது. ஆயினும் அதனாலன்றோ அவை அழியாது நின்றன!

வாஷிங்டன் காங்கிரஸ் நூலகம், வட கரோலினாப் பல்கலைக்கழகம் முதலிய இடங்களிலும் இத்தகைய தொகுதிகள் உள. ஜேம்ஸ் மக்பேர்சன் என்னும் வரலாற்றாசிரியர் ஏறக்குறைய 25,000 கடிதங்களையும் 249 தினக்குறிப்புகளையும் படித்து, அவர்கள் ஏன் போரிட்டனர் என்பதை ஆராய்ந்து 1997இல் ஒரு நூல் வெளியிட்டார்.

எனினும் கடிதத்தில் உள்ளவை யாவும் முழு உண்மையென நாம் கொள்ளலாகாது. தாய் வருந்துவாளென்று மகன் மறைத்தவை பல. தென்னாட்டு வீரர் பலர் சுதந்திரம் சுதந்திரமென்று எழுதினர். தம் வயலில் உழைத்த அடிமையின் சுதந்திரத்தை அவர்கள் நினைக்கவில்லை. அடிமைக்கு எழுத்தறிவித்தல் குற்றமெனத் தென் மாநிலங்கள் பலவற்றிற் சட்டமிருந்தமையால், விடுதலை பெற்றுப் போரிட்ட பல்லாயிரவரின் நெஞ்சம் ஏட்டில் ஏறவேயில்லை. சுவடிக்கூடத்தின் மௌனத்தையும் வாசிக்கத் தெரிந்தவனே நல்ல வரலாற்று மாணவன்.

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்ததை அறிந்த நமக்கு, ஏட்டின் அருமையை வேறொருவர் எடுத்துரைக்க வேண்டியதில்லை. பாட்டன் எழுதிய கடிதம் நம் வீட்டுப் பெட்டியொன்றில் மக்கிக் கிடக்கலாம். நாளும் பெயரும் குறித்து, ஈரமும் செல்லும் அணுகாத இடத்தில் அதனை வைப்போமாக. இன்று குப்பையெனத் தோன்றும் ஒரு தாள், நூறாண்டின் பின் ஒரு மனிதனின் குரலாக ஒலிக்கக்கூடும்.