நிற வைரங்கள்: தேர்வும் மதிப்பீடும்

நீலம், இளஞ்சிவப்பு, சிவப்பு, பச்சை, அடர்மஞ்சள் முதலிய நிறங்கள் இயற்கையிலேயே தெளிவாக அமைந்த வைரங்கள் நிற வைரங்கள் எனப்படும். தூய கார்பன் படிகத்துக்கு நிறம் இல்லை. அதில் நைட்ரஜன் சேர்ந்தால் மஞ்சளும், போரான் சேர்ந்தால் நீலமும் உண்டாகும். இயற்கைக் கதிர்வீச்சு பட்ட கல் பச்சையாகும். நிலத்தடி அழுத்தத்தால் படிக அமைப்பு நெளிந்த கல்லே இளஞ்சிவப்பாகவோ சிவப்பாகவோ காணப்படும்.

பண்டைய மதிப்பீடு: 6ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த வராகமிகிரரின் பிருகத் சம்கிதை, வைரத்தின் நிறங்களை வருணங்களோடு இணைத்துக் கூறுகிறது. அரிசி எடையால் விலை சொல்லும் அந்நூலில், எடை குறையக் குறைய விலை அதைவிட வேகமாக இறங்குகிறது.

மலபார் வணிகம்: மிளகுக்குப் பெயர்பெற்ற கொச்சி, கண்ணூர், கோழிக்கோடு துறைமுகங்களைக் கொண்ட மலபார்க் கரையில் மணிகளும் விலைபோயின. கண்ணூரில் போர்த்துக்கீசிய எழுத்தராக இருந்த துவார்த்தே பார்போசா, 1516 அளவில் முடித்த தம் நூலில் வைரங்களின் விலையைப் பணம் என்னும் நாணயக் கணக்கில் பட்டியலிட்டார். தென்னிந்தியாவில் வைரத்தை மஞ்சாடி என்னும் எடையால் நிறுத்தனர். மஞ்சாடியின் அளவு ஊருக்கு ஊர் மாறியதால், வாங்குபவர் அவ்வூர் எடையை அறிந்த பின்னரே விலை பேச முடிந்தது.

கோல்கொண்டா: 18ஆம் நூற்றாண்டில் பிரேசிலில் வைரம் கிடைக்கும் வரை உலகுக்கு வைரம் தந்தது பெரும்பாலும் இந்தியாவே. 17ஆம் நூற்றாண்டில் கோல்கொண்டா சுரங்கங்களுக்குச் சென்ற பிரெஞ்சு வணிகர் தவெர்னியே, இங்கே நீரோட்டம், அதாவது கல்லின் ஒளித்தெளிவு, பார்த்த முறையை விவரித்துள்ளார். இரவில் சுவர் மாடத்தில் பெருந்திரி விளக்கை வைத்து, கல்லை விரலிடுக்கில் பிடித்து அதன் ஒளியில் நோக்குவர். நீலச் சாயல் இருக்கிறதா என்பதை மரநிழலின் பச்சை ஒளியில் அறிவர். அன்றைய சந்தையில் லேசான நீலச் சாயல் பெருங்குறை. ஆனால் நிறம் அழுத்தமாக இருந்த சுமார் 112 காரட் நீல வைரத்தைத் தவெர்னியே கொண்டுசென்று, 1668இல் பதினான்காம் லூயிக்கு விற்றார். அதிலிருந்து வெட்டப்பட்டதே 45.52 காரட் ஹோப் வைரம்; 1958 முதல் அது ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் உள்ளது.

இன்றைய முறை: அமெரிக்க மணிக்கல் ஆய்வுக் கழகம் நிறமற்ற வைரங்களை டி முதல் இசட் வரை தரம் பிரிக்கிறது. மஞ்சள் சாயல் கூடக்கூட விலை இறங்கும். இசட் எல்லையைத் தாண்டியதும் அதே மஞ்சள் விலையை உயர்த்தும். நிற வைரத்தை முகப்பு மேலிருக்க வைத்து, நிறவகை, வெளிர்வு–அடர்வு, செறிவு ஆகிய மூன்றையும் பார்ப்பர். செறிவு மிகுந்தவை ‘ஃபேன்சி இன்டென்ஸ்’, ‘ஃபேன்சி விவிட்’ தரங்களைப் பெறும். பழுப்போ சாம்பலோ கலந்திருந்தால் பெரும்பாலும் விலை குறையும். நிறம் கல் முழுதும் சீராகப் பரவியிருப்பது நல்லது. உட்குறைகளைவிட நிறத்துக்கே முதலிடம்.

கதிர்வீச்சு, உயர் அழுத்த வெப்பமுறை ஆகியவற்றால் செயற்கையாகவும் நிறமேற்றலாம். ஆய்வகத்திலும் நிற வைரம் வளர்க்கலாம். இவற்றைக் கண்ணால் மட்டும் பார்த்துப் பிரித்தறிய முடியாது. ஆகவே நிறம் இயற்கையானது என்ற ஆய்வுச் சான்றிதழ் இன்றியமையாதது.

சந்தை: 1987இல் 0.95 காரட் ஹான்காக் சிவப்பு வைரம் 8,80,000 டாலருக்கு ஏலம் போனது. இளஞ்சிவப்பு வைரங்களுக்குப் பெயர்பெற்ற ஆஸ்திரேலியாவின் ஆர்கைல் சுரங்கம் 2020இல் மூடப்பட்டது. ஐதராபாத் நிஜாமிடம் இருந்த, கோல்கொண்டாவைச் சேர்ந்த 34.65 காரட் இளஞ்சிவப்பு ‘பிரின்ஸி’ வைரம் 2013இல் சுமார் 3.93 கோடி டாலருக்கு விற்பனையானது. நிறம், எடை ஆகியவற்றுடன் பிறந்த இடமும் கைமாறிய வரலாறும் அதன் விலையில் சேர்ந்தன.