மணப்பாடு மாடிவீடுகள்

தூத்துக்குடி மாவட்டம் திருச்செந்தூர் வட்டத்தில், கருமேனியாறு கடலில் கலக்கும் முகத்துவாரத்தை ஒட்டிய மணப்பாடு ஊரில் உள்ள பழைய வீடுகள் இப்பெயரால் இங்குக் குறிக்கப்படுகின்றன. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் இலங்கை வணிகத்தில் பொருளீட்டிய பரதவர் குடும்பங்கள் கட்டியவை. தூணும் வளைவும் கொண்ட முகப்பு, தெருவை நோக்கிய மாடி முற்றம், வண்ணக் கண்ணாடி பதித்த சன்னல், மஞ்சளும் நீலமும் பச்சையுமான சுவர்ப்பூச்சு ஆகியவற்றைக் கண்ட பயண எழுத்தாளர்கள் இவற்றைப் ‘போர்த்துக்கீசியர் வீடுகள்’ என்று எழுதிப் பழக்கிவிட்டனர். அந்தப் பெயர் பொருந்தாது. போர்த்துக்கீசியர் ஆதிக்கம் இக்கரையில் 1658இல் முடிந்தது. வீடுகளோ அதற்கு இருநூறு ஆண்டுகளுக்கும் மேல் பிந்தியவை.

அமைவிடம்

திருச்செந்தூருக்குத் தெற்கே, குலசேகரன்பட்டினத்தைக் கடந்து செல்லும் கடற்கரைச் சாலையில் மணப்பாடு உள்ளது. ஊருக்குத் தெற்கே கடலுக்குள் நீண்டு நிற்கும் மணல்மேடு இதன் அடையாளம். மேட்டின் மேல் திருச்சிலுவை ஆலயமும் அருகே கலங்கரை விளக்கமும் நிற்கின்றன. கடலைப் பார்த்த சரிவில் சவேரியார் குகை. கச்சான் காற்றை இந்த மேடு தடுப்பதால் அதன் வடபுறக் கடல் அடங்கிக் கிடக்கும். தோணிகள் ஒதுங்க ஏற்ற இடமாக இருந்ததே மணப்பாடு துறையானதற்குக் காரணம். கருமேனியாறு ஆண்டு முழுதும் ஓடுவதில்லை. மழையற்ற மாதங்களில் அலை குவிக்கும் மணல் முகத்துவாரத்தை அடைக்க, உள்ளே உப்பங்கழி தேங்கும். வீடுகளின் நிறம் கழிநீரில் விழுவது அப்போதுதான்.

தொடக்க வரலாறு

முத்துக்குளித்துறையின் பரதவர் ஊர்களில் வேம்பாறு, வைப்பாறு, தூத்துக்குடி, புன்னைக்காயல், வீரபாண்டியன்பட்டினம், ஆலந்தலை, மணப்பாடு ஆகிய ஏழும் தலையாய ஊர்களாக எண்ணப்பட்டன. இவற்றில் தென்கோடியில் உள்ளது மணப்பாடு.

1520களில் போர்த்துக்கீசியர் முத்துக்குளிப்பின் வருவாயில் கண்வைத்து இக்கரைக்கு வந்தனர். குளிப்பு உரிமை தொடர்பாகப் பரதவர்க்கும் காயல் பகுதி முஸ்லிம் வணிகர்க்கும் அந்நாளில் மோதல் முற்றியிருந்தது. கோழிக்கோட்டுக் குதிரை வணிகர் ஜோவான் ட குரூஸ் வழிகாட்ட, பரதவர் தூதுக்குழு ஒன்று கொச்சிக்குப் போய்ப் போர்த்துக்கீசியரின் கடற்படைத் துணையைக் கேட்டது. விலை, மதமாற்றம். 1535க்கும் 1537க்கும் இடையே சுமார் 20,000 பேர் திருமுழுக்குப் பெற்றதாகத் திருச்சபை எழுத்துகள் கணக்கிடுகின்றன. வலையையும் சிப்பியையும் காத்துக்கொள்ள எடுத்த முடிவு அது. பக்தி பின்னால் வந்தது.

அதைக் கொண்டுவந்தவர் பிரான்சிஸ் சவேரியார். 1542 அக்டோபரில் கோவாவிலிருந்து கடல்வழி வந்த அவர் முதலில் இறங்கிய இடம் மணப்பாடு என்பது வழிவழிச் செய்தி. கடலோரப் பாறைக்குகையில் தங்கினார். அவருக்கு முன் அக்குகையில் சைவத் துறவி ஒருவர் இருந்தார் என்பது ஊர்வழக்கு. தமிழறியாத சவேரியார், இருமொழி அறிந்தவர்களைக் கொண்டு செபங்களைத் தமிழாக்கி, அவற்றை மனப்பாடம் செய்து, தெருத்தெருவாகக் கைமணி அடித்துப் பிள்ளைகளைக் கூட்டிச் சொல்லிக்கொடுத்தார். 1544இல் தம் உடனூழியர் மான்சிலாசுக்கு அவர் எழுதிய கடிதங்கள் சில மணப்பாட்டிலிருந்து எழுதப்பட்டவை. கரையோர ஊர்களில் படையெடுப்பால் மக்கள் படும் பாடும், போர்த்துக்கீசிய அதிகாரிகளின் அடாவடியும் அவற்றில் ஒளிவுமறைவின்றிப் பேசப்படுகின்றன.

மேட்டின் மேல் உள்ள சிலுவை சவேரியாருக்கும் முந்தியது என்பர். 1540 அளவில் புயலில் சிக்கிய போர்த்துக்கீசியக் கப்பலின் தலைவர், உயிர்தப்பினால் பாய்மரத்தைச் சிலுவையாக்கி நடுவதாக நேர்ந்துகொண்டார். கப்பல் மணப்பாட்டில் கரை ஒதுங்கவே நேர்ச்சையை நிறைவேற்றினார். அந்த இடத்தில் 1581இல் திருச்சிலுவை ஆலயம் எழுந்தது. ஆண்டுதோறும் செப்டம்பர் 14இல் நிறைவுறும் திருவிழா இதையொட்டியது. ஊருக்குள் பரிசுத்த ஆவி ஆலயம், யாகப்பர் ஆலயம் ஆகிய வேறிரண்டு கோயில்களும் உள்ளன.

சவேரியாருக்குப் பின் இக்கரையில் அரை நூற்றாண்டு பணியாற்றிய அண்டிரிக் அடிகளார் புன்னைக்காயலை இருப்பிடமாகக் கொண்டார். அவருடைய ‘தம்பிரான் வணக்கம்’ 1578இல் கொல்லத்தில் அச்சேறியது. ‘அடியார் வரலாறு’ 1586இல் வெளிவந்தது. தமிழ் அச்சின் வரலாறு தாமிரபரணி முகத்துவாரத்து மீனவர் ஊர் ஒன்றோடு இப்படித் தொடர்புடையது என்பதை நம் பாடநூல்கள் ஒரு வரியில் கடந்துவிடுகின்றன.

1658இல் ஒல்லாந்தர் தூத்துக்குடியைப் பறித்துக்கொண்டனர். கத்தோலிக்கக் குருமாரை விரட்டி மக்களைத் தம் சீர்திருத்தச் சபைக்கு இழுக்க அவர்கள் செய்த முயற்சி பலிக்கவில்லை. துணிக்கும் முத்துக்கும் சங்குக்கும் வந்தவர்கள் அந்த வணிகத்தோடு நிறைவடைந்தனர். இடையில் இருமுறை ஆங்கிலேயரிடம் இழந்து மீட்ட தூத்துக்குடியை, 1824ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி 1825இல் முற்றாக ஒப்படைத்துவிட்டுப் போயினர். அவர்கள் விட்டுச்சென்றதில் முக்கியமானது தூத்துக்குடி நகரில் 1750இல் கட்டிய பரிசுத்த திரித்துவ ஆலயம். போர்த்துக்கீசியர் விட்டுச்சென்றவை பர்னாந்து, கோமஸ், மச்சாது, மிராந்தா என்னும் குடும்பப்பெயர்களும் கோயில்களும். குடியிருப்பு வீடு எதையும் அவர்கள் மணப்பாட்டில் விட்டுச்செல்லவில்லை.

கொழும்புப் பணம்

இலங்கையின் மலைகளில் முதலில் காப்பியும், 1870களின் இலைநோய்க்குப் பிறகு தேயிலையும் பயிரானபோது, அங்கே குவிந்த தோட்டத் தொழிலாளர்க்கு அரிசியும் துணியும் கருவாடும் கருப்பட்டியும் தேவைப்பட்டன. அவை போன வழி தூத்துக்குடி. ஒரே இரவில் கொழும்புக்குக் கப்பல் ஓடிய காலத்தில் முத்துக்குளித்துறைப் பரதவர் பலர் கொழும்புப் புறக்கோட்டையில் கடை வைத்தனர். ஆண்கள் அங்கே கடையில்; பெண்டு பிள்ளைகள் இங்கே ஊரில். ஈட்டிய பணம் ஊருக்கு வந்தபோது முதலில் கோயிலுக்கும் அடுத்து வீட்டுக்கும் போனது. கொழும்பிலும் நீர்கொழும்பிலும் பார்த்த வளமனைகளின் முகப்பை ஊர்க் கொத்தனாரிடம் விவரித்துக் கட்டச்சொன்னார்கள். ஆகவே ஐரோப்பியச் சாயல் இங்கே லிஸ்பனிலிருந்து நேராக வரவில்லை. மன்னார் வளைகுடாவைச் சுற்றி, ஆங்கிலேயர் கால இலங்கையின் வழியாக வந்தது. போர்த்துக்கல்லின் போர்த்து நகரில் தோரு ஆற்றங்கரை வீடுகள் இடமின்மையால் ஒன்றையொன்று நெருக்கி, ஒடுங்கிய முகப்போடு நான்கைந்து மாடி உயர்ந்து நிற்கும். மணப்பாட்டு வீடு அகலமானது, பெரும்பாலும் ஒரு மாடிக்கு மேல் போகாதது, சுற்றுமதிலுக்குள் தனித்து நிற்பது. இரண்டையும் ஒரே மரபென்று சொல்பவர்கள் வண்ணத்தை மட்டும் பார்த்தவர்கள்.

தோணி வணிகமும் கொழும்புக் கடைகளும் பரதவர் குடும்பங்களை எப்படி ஏற்றி இறக்கின என்பதை அறிய விரும்புவோர் ஜோ டி குரூஸின் ‘கொற்கை’ நாவலைப் படிக்கலாம். களம் தூத்துக்குடி என்றாலும் கதை இந்த வீடுகளுக்கும் பொருந்தும்.

கட்டுமானம்

முகப்பு ஐரோப்பியம், உள்ளே தமிழ் வீடு. திண்ணையின் இடத்தில் தூண் வைத்த வராந்தா; அதைக் கடந்தால் கூடம்; கூடத்தில் சுரூபங்கள் வைத்த பீடம்; அதற்குப் பின் அறைகள்; கடைசியில் அடுக்களையும் கிணற்றடியும். மாலைச் செபம் கூடத்துப் பீடத்தின் முன்தான். மாடி, விழாவுக்கு வரும் உறவினர்க்கு.

சுவர் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். இக்கரையில் சுண்ணாம்பு வந்த வழி தனியே சொல்லத்தக்கது. கடலிலிருந்து வெட்டிய பவளப்பாறையையும் கிளிஞ்சலையும் காளவாயில் சுட்டுச் சுண்ணாம்பாக்கினர். பவளக்கல்லையே சுவருக்கு வைப்பதும் தூத்துக்குடிப் பக்கம் வழக்கம். சாந்தில் கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய நீர் சேரும். வெளிப்பூச்சு வழவழப்பாகத் தேய்க்கப்பட்டு உப்புக்காற்றைப் பல பத்தாண்டுகள் தாங்கியது. ஆனால் இதற்குக் கடல் கொடுத்த விலை பெரிது. நூற்றாண்டுக் கணக்கில் பவளம் வெட்டியதால் அலைத்தடுப்பு போய், தூத்துக்குடிக்கு எதிரே இருந்த விலாங்குச்சல்லித் தீவு நீருள் மூழ்கியது. 1986இல் மன்னார் வளைகுடா தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்ட பிறகும் வெட்டு நிற்கவில்லை. 2001இல் பவளம் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டு, 2004 சுனாமியும் கண்ணைத் திறந்த பிறகே அடங்கியது. கரையின் அழகிய வீடுகளைப் புகழ்பவர்கள் இதையும் சேர்த்துச் சொல்லுவதே நேர்மை.

உத்திரமும் கதவும் தேக்கு. எளிய வீடுகளில் உத்திரத்துக்கு வைரம் பாய்ந்த பனை. பனை இங்கே கூப்பிடு தொலைவில் தேரிக்காட்டில் நிற்கிறது, கறையானுக்கும் எளிதில் அசைவதில்லை. கூரைக்கு நாட்டோடும், பின்னர் மங்களூர் ஓடும்.

வண்ணம் சுண்ணாம்போடு கலந்த பொடிதான். காவி மஞ்சளும், வெள்ளைக்குப் போடும் நீலத்தைச் சற்றே மிகுத்த வெளிர்நீலமும் பழையவை. சுண்ணாம்புப் பூச்சு உப்புக்காற்றில் உதிரும் என்பதால் திருவிழாவுக்கு முன் புதிதாக அடிப்பார்கள். எனவே ஒரு வீட்டின் ‘அசல் நிறம்’ எது என்ற கேள்விக்குப் பொருளில்லை. இப்போது கடைகளில் விற்கும் எமல்ஷன் பளீரென்று நிற்கிறது. ஆனால் உள்ளே ஈரம் வைத்த காரைச் சுவரை மூச்சுவிடாமல் அடைத்து, உப்பைப் பொரிய வைக்கிறது.

இன்றைய நிலை

1948க்குப் பின் இலங்கைக் குடியுரிமைச் சட்டங்களும் இறக்குமதி, அந்நியச் செலாவணிக் கட்டுப்பாடுகளும் கொழும்பு வணிகத்தை ஒடுக்கின. அரசு நடத்திய முத்துக்குளிப்பும் 1961ஓடு நின்றது. குடும்பங்கள் தூத்துக்குடி, சென்னை, வெளிநாடு என்று பிரிந்தன. பல வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன, சில இடிக்கப்பட்டுவிட்டன. ‘நீர்ப்பறவை’ போன்ற திரைப்படங்கள் இங்கே எடுக்கப்பட்டதும், அலைச்சறுக்கு விளையாட வருவோர் கூடியதும் ஊருக்குப் புதிய பெயர் தந்தன. வீடுகள் தனியார் உடைமை. உள்ளே பார்க்க விரும்புவோர் வீட்டாரிடம் கேட்டே நுழைய வேண்டும். திறந்த வீடுகளைப் பார்க்கத் திருவிழாவையொட்டிய செப்டம்பர் முதல் இரு வாரங்களே ஏற்றவை. திருச்செந்தூரிலிருந்து பேருந்து உண்டு.