என்ஜின் மூடி ஏன் உயரமாக இருந்தது?

எங்க தோட்டத்து மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் முப்பது வருஷத்துக்கு மேலாக ஒரு வண்டி நின்றது. மகிந்திரா எஃப்.சி. 150. மூக்கு இல்லாத ஜீப்னு சொன்னா சுலபமா புரியும். டிரைவர் முன்சக்கரத்துக்கு மேலேயே உட்கார்ந்திருப்பார், முதுகுக்குப் பின்னால் திறந்த தொட்டி. என்ஜின் இரண்டு சீட்டுக்கும் நடுவில், ஒரு தகர மூடிக்குக் கீழே. போடியிலிருந்து தோட்டத்துக்கு வரும்போது அந்த மூடிதான் என் இடம். சாக்கை நாலாக மடித்துப் போட்டு உட்கார வைப்பார்கள். மழை நாளில் சுகம். சித்திரையில் தண்டனை.

அந்த வண்டியால் எங்க வீட்டில் ஒரு சண்டையும் உண்டு. 1976ல் அதில் டீசல் என்ஜின் மாற்ற, பம்பாயில் வேலை பார்த்த சித்தப்பா பாதிப் பணம் அனுப்பினார். 1988ல் அவர் ஊரோடு வந்தபோது வண்டியில் இருந்தது பழைய பெட்ரோல் என்ஜின். டீசல் எங்கண்ணேன்னு கேட்டதுக்கு அப்பா சொன்னது இரண்டே வார்த்தை. "தண்ணிக்குப் போச்சு." சித்தப்பா அதை எப்படி எடுத்துக்கொண்டிருப்பார்னு நான் சொல்ல வேண்டியதில்லை. அப்பா அதுக்கு மேல் விளக்கம் சொல்கிற ஆளும் இல்லை. அப்பா இறந்த அன்று சித்தப்பா வந்தார், நின்றார், சாப்பிடாமல் போனார்.

மூணு வருஷத்துக்கு முன்னால் பழைய இரும்புக்காரர் வந்து வண்டிக்கு விலை பேசினார். அம்மா சரின்னு சொல்லிட்டாங்க. நான்தான் ஒரு மாசம் தவணை கேட்டுவிட்டு பாயைத் தேடிப் போனேன். பாய்க்கு எழுபதைத் தாண்டிவிட்டது. ஒரு காலத்தில் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப் பாதிக்கு அவர்தான் வைத்தியர். போடிமெட்டுக்கு 17 கொண்டை ஊசி வளைவு, அதுக்கு மேல் கல் பாதை. அங்கே ஜீப்பைத் தவிர வேறெதுவும் அப்போது ஏறாது. இப்போது பாய்க்குக் கை நடுங்குகிறது. "நான் ஸ்பேனர் பிடிக்க மாட்டேன் தம்பி. நீ பிடி, நான் சொல்றேன்" என்றார். அப்படித்தான் நாற்பத்தாறு வயசில் நான் மெக்கானிக் வேலை படிக்க ஆரம்பித்தேன்.

முதல் நாளே ஒரு போல்ட்டை உடைத்தேன். இடது பக்கச் சக்கரத்து நட்டைக் கழற்றுகிறேன்னு நினைத்து, உள்ளதைவிட இறுக்கி, முறித்துவிட்டேன். பாய் சிரித்தார். பழைய ஜீப்பில் இடது பக்கச் சக்கரங்களுக்கு மரை திருப்பிப் போட்டிருக்கும். சக்கரம் ஓடுகிற திசையில் நட்டு தானாகத் தளர்ந்துவிடக் கூடாது என்பதுக்காக. புது போல்ட் அக்கம்பக்கத்தில் கிடைக்கவில்லை, புதுப்பேட்டை வரை போக வேண்டியிருந்தது. சென்னைக்காரர்களுக்கு அந்தச் சந்துகளைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை.

இந்த என்ஜினுக்கு வயசு வண்டியைவிட அதிகம். 1940ல் அமெரிக்க ராணுவம் ஒரு சின்ன வண்டி கேட்டது. மாதிரியைச் செய்து காட்ட 49 நாள்தான் கெடு. பேன்டம் என்ற சிறு கம்பெனி செய்து கொடுத்தது. ஆனால் பெரிய ஆர்டர் வில்லிஸுக்கும் ஃபோர்டுக்கும் போய்விட்டது. (உழுதவன் ஒருத்தன், அறுத்தவன் வேறொருத்தன். எங்களுக்கு இது புதுசில்லை.) வில்லிஸ் வென்றதுக்கு அதன் என்ஜின் ஒரு முக்கியக் காரணம். 1920களில் விப்பெட் என்ற மலிவு காருக்குப் போட்ட என்ஜினை, பார்னி ரூஸ் என்ற பொறியாளர் திருத்தித் திருத்தி 48 குதிரைசக்தியிலிருந்து 60க்குக் கொண்டுவந்தார். போர் முடிவதற்குள் இரண்டு கம்பெனியும் சேர்ந்து ஆறு லட்சத்துக்கு மேல் ஜீப் செய்தன. போர்க்களத்தில், சேற்றில் படுத்துக்கொண்டு, ஒரு சிப்பாய் ரிப்பேர் பார்க்க வேண்டிய வண்டி அது. என்னை மாதிரி ஆள் இன்று அதைக் கழற்றிப் பூட்ட முடிகிறதென்றால் அதுதான் காரணம்.

போர் முடிந்த 1945லேயே வில்லிஸ் அதை விவசாயிக்கு விற்கக் கிளம்பியது. உழலாம், பாரம் இழுக்கலாம், பெல்ட் மாட்டி மிஷின் ஓட்டலாம் என்று விளம்பரம். அதே 1945ல்தான் இங்கே மகிந்திரா அண்டு முகமது என்ற கம்பெனி தொடங்கியது. பிரிவினையில் குலாம் முகமது பாகிஸ்தான் போய் அங்கே நிதி அமைச்சரானார். 1948ல் கம்பெனி மகிந்திரா அண்டு மகிந்திரா ஆனது. அமெரிக்காவிலிருந்து பாகம் பாகமாக வந்த ஜீப்பை பம்பாயில் பூட்டித்தான் ஆரம்பித்தார்கள்.

இதில் ஒரு விஷயம் பாய் சொல்லித்தான் எனக்குப் புரிந்தது. பழைய ராணுவ ஜீப்பில் வால்வு எல்லாம் என்ஜின் பிளாக்குக்கு உள்ளேயே இருக்கும். அடுத்து வந்த ஹரிகேன் என்ஜினில் காற்று உள்ளே வருகிற வால்வை மேலே ஹெட்டில் வைத்தார்கள், புகை வெளியே போகிறது கீழேயே இருந்தது. சக்தி 70க்கு மேல் கூடியது, ஆனால் என்ஜின் உயரமாகிவிட்டது. அதனால் 1953ல் வந்த சி.ஜே. 3பி ஜீப்புக்கு பானெட்டைத் தூக்கி வைக்க வேண்டியதாகிவிட்டது. நம்ம ஊரில் பல பத்தாண்டு ஓடின ஜீப் அதுதான். முன்பக்கம் நெற்றி ஏறினாற்போல இருக்குமே, அது அழகுக்கு வைத்ததில்லை. "தகரத்தைப் பாத்தா உள்ள என்ன இருக்குன்னு தெரியணும் தம்பி" என்பார் பாய்.

எங்க எஃப்.சி.யிலும் அதே ஹரிகேன்தான். வில்லிஸ் இந்த மாடலை 1956ல் கொண்டுவந்தது. இரு அச்சுக்கும் நடுவே 81 அங்குலம்தான், சின்ன ஜீப் அளவு. டிரைவரை முன்னால் தள்ளிவிட்டதால் பின்னால் பாரத்துக்கு இடம் கிடைத்தது. அமெரிக்காவில் அது பெரிதாக விற்கவில்லை. அங்கே கடையைக் கட்டுகிற சமயத்தில், 1965ல், மகிந்திரா இங்கே செய்ய ஆரம்பித்தது.

வேலைக்கு வருகிறேன். டேப்பெட் அட்ஜஸ்ட் பண்ணக் கற்றுக்கொள்ளவே எனக்கு இரண்டு வாரம். இந்த என்ஜின் தீப்பிடிக்கிற வரிசை 1, 3, 4, 2. ஹேண்டிலைப் போட்டு மெல்லச் சுற்றணும். நாலாவது சிலிண்டரில் ஒரு வால்வு மூடி இன்னொன்று திறக்கிற நேரத்தில், முதல் சிலிண்டரில் இரண்டுமே மூடியிருக்கும். அப்போது முதலாவதைச் சரிபார்க்கணும். பிறகு அரைச் சுற்று, மூணாவது. மேல் வால்வுக்கு இடைவெளி அங்குலத்தில் ஆயிரத்தில் 18 பங்கு, கீழ் வால்வுக்கு 16. கீழே உள்ளதுக்கு பிளாக்கின் பக்கவாட்டு மூடியைக் கழற்றிக் கையை நுழைக்கணும். விரல் முட்டி தோல் உரியாமல் ஒரு நாளும் முடிந்ததில்லை. டிஸ்ட்ரிப்யூட்டர் பாயிண்டுக்கு 20. அதுக்கு மட்டும் பாய் ஃபீலர் கேஜைத் தொடவிட மாட்டார். போஸ்ட் கார்டை இரண்டாக மடித்து நுழைப்பார். நான் கேஜ் வைத்துப் பார்த்தேன், சரியாகவே இருந்தது.

எல்லாம் முடிந்து, என்ஜின் மூடியைத் திரும்ப மாட்டுகிற அன்றைக்குத்தான் பாய் அதைக் கவனித்தார். மூடிக்கும் என்ஜினுக்கும் நடுவே நாலு விரல்கடை கூடுதலாகச் சும்மா கிடந்தது. மூடியைக் கவிழ்த்துப் பார்த்தோம். கம்பெனித் தகரத்தை வெட்டி, பட்டை கொடுத்து உயர்த்தி, வெல்டு வைத்திருந்தது. "இதுக்குள்ள உயரமான டீசல் என்ஜின் உக்காந்திருக்கு" என்றார். சேஸிஸில் கரியைச் சுரண்டினால் இரண்டு பக்கமும் என்ஜின் தாங்கியை கேஸ் வைத்து அறுத்த தழும்பு.

அந்தக் காலத்தில் டீசல் மாற்றியவர்கள் ஏராளம். 1973 அக்டோபர் போருக்குப் பிறகு கச்சா எண்ணெய் சில மாதத்தில் கிட்டத்தட்ட நாலு மடங்கு விலை ஏறியது. பெட்ரோல் ஊற்றி ஜீப் ஓட்டுவது பணக்காரன் வேலையாகிவிட்டது. மாற்றினார்கள் என்பதில் ஆச்சரியமில்லை. மாற்றிய டீசலை எடுத்துவிட்டுப் பெட்ரோலைத் திரும்ப வைத்ததுதான் யாருமே செய்யாத காரியம்.

அம்மாவைக் கேட்டேன். "பஞ்சத்துல கெணத்துல ஏதோ என்ஜின் ஓடுச்சு. எந்த என்ஜின்னு எனக்கென்னடா தெரியும்? அப்ப கரண்டு மோட்டார் இல்ல" என்றாள். பஞ்சம் என்று அவள் சொல்வது 1983ஐ.

பம்பு ஷெட்டுக்குப் போனேன். இப்போது அதில் உர மூட்டை கிடக்கிறது. மூட்டையை நகர்த்தினால் பழைய சிமெண்ட் மேடை, அதில் பதித்த இரண்டு இரும்புத் துண்டு. துருவுக்கு நடுவே நகத்தளவு பச்சை பெயிண்ட், வண்டியின் அதே மங்கின பச்சை. காகிதத்தை வைத்து அறுத்த ஓரத்தைப் பென்சிலால் தேய்த்து எடுத்துக்கொண்டு வந்து சேஸிஸ் தழும்பில் பொருத்தினேன். இடது துண்டு அப்படியே பொருந்தியது. வலது துண்டு துருவில் உருக்குலைந்துவிட்டதால் அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியவில்லை. அப்பா என்ஜினைத் தாங்கியோடு அறுத்துக் கொண்டுபோய்க் கிணற்றில் வைத்திருக்கிறார். பிறகு கரண்டு வந்தது, என்ஜின் இரும்பு விலைக்குப் போயிருக்கணும். சித்தப்பா ஊருக்கு வந்தபோது காட்ட ஒன்றுமில்லை.

தண்ணிக்குத்தான் போயிருக்கிறது.

சித்தப்பாவுக்கு இப்போது எழுபத்தெட்டு. போனில் சொல்லாமல் நேரில் கூட்டி வந்தேன். மேடையருகே குந்தி, அந்தப் பச்சையை விரலால் தடவினார். ரொம்ப நேரம் கழித்து, "சொல்லியிருக்கலாம்ல?" என்றார். என்னிடம் கேட்டதாகத் தெரியவில்லை. அன்று எங்க வீட்டில் சாப்பிட்டார், இரண்டாவது முறை ரசம் கேட்டு வாங்கினார்.

வண்டி இன்னும் ரோட்டுக்குப் போகவில்லை. பிரேக் சிலிண்டர் ஒன்று கசிகிறது, காகித வேலையும் பாக்கி. தோட்டத்துக்குள் தேங்காய் ஏற்றுகிறது. பெயிண்ட் அடிக்க வந்த டிங்கர், மூடியைக் கம்பெனி அளவுக்கே குறைத்துத் தரட்டுமான்னு கேட்டார். இருக்கட்டும்னு சொல்லிட்டேன்.