கொலைக்குத் தண்டனை ஒரு விளக்கு



வந்தவாசிப் பக்கம் சீயமங்கலம் என்று ஓர் ஊர் இருக்கிறது. மகேந்திரவர்ம பல்லவன் பாறையைக் குடைந்து எடுத்த கோயில் ஒன்று அங்கே உண்டு. அவ்வூர்க் கல்வெட்டு ஒன்று ஒரு பழைய வழக்கைச் சொல்கிறது. ஒருவன் எய்த அம்பு, தவறுதலாகத் தன் ஊர்க்காரன் ஒருவன் மேல் பாய்ந்தது. அவன் இறந்துபோனான். அந்தப் பகுதியின் தலைவரும் எழுபத்தொன்பது நாட்டைச் சேர்ந்த மக்களும் ஒன்றுகூடினார்கள். நாடு என்றால் அந்நாளில் சில ஊர்கள் சேர்ந்த ஒரு வட்டாரம். அத்தனை பேரும் கூடி விசாரித்துச் சொன்ன தீர்ப்பு இதுதான்: கவனக்குறைவால் நேர்ந்த குற்றம் இது, இதற்காக இவன் சாக வேண்டாம், கோயிலில் விளக்கு எரிக்கட்டும். அவன் 16 பசுக்களைக் கொடுத்தான். அவற்றின் பாலில் எடுத்த நெய்யால் விளக்கு எரிந்தது.

இது என்ன தண்டனை, ஒரு விளக்கோடு தப்பிவிட்டானே என்று நமக்குத் தோன்றலாம். ஆனால் அந்த விளக்கு ஒரு நாள் ஏற்றி வைத்துவிட்டு வருகிற விளக்கு அல்ல. நந்தா விளக்கு, அதாவது அணையாத விளக்கு. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் இதன் கணக்குத் தெளிவாக இருக்கிறது. ஒரு விளக்குக்கு 96 ஆடுகள். அவற்றைப் பெற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். இவ்வாடுகளை ‘சாவா மூவாப் பேராடு’ என்றார்கள். கிழடானாலும் செத்தாலும் குட்டிகள் அந்த இடத்தை நிரப்பிவிடும். மந்தையின் எண்ணிக்கை குறையக் கூடாது. சந்திரனும் சூரியனும் உள்ளவரை எரிய வேண்டும் என்பது ஏற்பாடு. ஆகவே, தவறு செய்தவன் உயிரோடு இருந்தான். அவன் செய்த தவறும் மறக்கப்படவில்லை. பலருடைய கால்நடைச் செல்வத்தில் பெரும்பங்கு இதற்கே போயிருக்கும்.

அம்பு எய்தவனுக்கு மட்டுமல்ல இந்த நீதி. வேறொரு கல்வெட்டு வரி கேட்ட ஊர் அதிகாரி ஒருவரைப் பற்றிச் சொல்கிறது. தான் வரி கட்ட வேண்டியதில்லை என்றாள் ஒரு பெண். அவர் விடவில்லை, அவளைச் சோதனைக்கு உட்படுத்தினார். அவள் நஞ்சு குடித்து இறந்தாள். பல திசைகளிலிருந்தும் மக்கள் கூடி, அந்தச் சாவுக்கு அவரே பொறுப்பு என்று தீர்த்தார்கள். அவர் 32 காசு கொடுத்து விளக்கு வைத்தார். அவர் கையால் அவளைக் கொல்லவில்லை. ஆனாலும் பதவியில் இருப்பவர் ஒருவரை நெருக்கி, அவர் உயிரை மாய்த்துக்கொண்டால் அதுவும் ஒரு குற்றமே என்று அந்த மக்கள் கண்டார்கள்.

அதற்காக, சோழர் காலம் முழுவதும் இரக்கத்தின் காலம் என்று நாம் எண்ணிவிடக் கூடாது. நம் நெய்வேலியிலிருந்து சேத்தியாத்தோப்பு வழியாகத் தெற்கே போனால், வீராணம் ஏரிக்கு அருகே காட்டுமன்னார்கோயில் வருகிறது. அங்கே உடையார்குடி அனந்தீசுவரர் கோயிலில் ராஜராஜ சோழனின் 2-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு இருக்கிறது. அவருடைய அண்ணன் ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேசுவரன் என்னும் சகோதரர்களின் பெயர்கள் அதில் வருகின்றன. அவர்களுடைய சொத்து பறிமுதல் செய்யப்பட்டது. அதோடு நிற்கவில்லை. அவர்கள் பிள்ளைகள், தாய்மாமன்மார், அவர்களுக்குப் பெண் கொடுத்தவர்கள், அவர்கள் வீட்டுப் பெண்களை மணந்தவர்கள் என எல்லாருடைய உடைமையும் போயிற்று. சம்பந்தம் செய்ததைத் தவிர அவர்களில் பலர் என்ன செய்திருப்பார்கள்?

ஐந்நூறு ஆண்டுகளுக்குப் பின்னர், டியூடர் மன்னர்கள் ஆண்ட இங்கிலாந்தில் 12 பென்சுக்கு மேல் மதிப்புள்ள பொருளைத் திருடினாலே தூக்குமரம்தான். 1516-இல் வெளிவந்த தம் ‘உட்டோப்பியா’ என்னும் நூலில் புனித தாமஸ் மூர் இந்த வழக்கத்தைக் கேள்விக்கு உள்ளாக்கினார். குடியானவர்களின் நிலத்தை வளைத்து ஆட்டு மேய்ச்சலாக்கிவிட்டு, பசிக்குத் திருடினவனைத் தூக்கிலிடுவதால் திருட்டு ஒழியுமா என்பது அதில் எழும் கேள்வி. 1535-இல் அரசருக்கு எதிரான துரோகி என்று அவருடைய தலையே வெட்டப்பட்டது.

திருவிவிலியத்தில் இணைச்சட்ட நூல் 19-ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். இருவர் விறகு வெட்டக் காட்டுக்குப் போகிறார்கள். ஓங்கிய கோடரியின் இரும்பு கழன்று மற்றவன் மேல் விழ, அவன் இறக்கிறான். பகை இல்லாமல் இப்படிக் கொன்றவன் ஓடிப்போய்ப் பிழைக்க அடைக்கல நகர்கள் வேண்டும் என்கிறது சட்டம். எண்ணிக்கை நூல் அப்படிப்பட்ட ஆறு நகர்களைக் கேட்கிறது. இறந்தவனின் உறவினர் கொதித்த மனதோடு துரத்தி வருவார் என்பதை அந்தச் சட்டம் அறிந்திருந்தது. அந்தக் கொதிப்பு ஆறும்வரை விசாரணைக்கு இடம் வேண்டும் என்பதையும் அறிந்திருந்தது.

அன்பானவர்களே, நமக்கு இது பழங்கதை அல்ல. ஷிப்டு மாறும் நேரத்தில் நம் சாலைகளில் எத்தனை வண்டிகள்! ஒரு விபத்து நடந்தால், என்ன நடந்தது என்று கேட்பதற்கு முன்பே ஓட்டுநரை இழுத்துப் போட்டு அடிக்கும் கூட்டத்தை நாம் பார்த்திருக்கிறோம். அந்த அடிக்குப் பயந்தே பலர், உயிருக்குப் போராடுகிறவரைச் சாலையில் விட்டுவிட்டு ஓடுகிறார்கள். பிறகு அந்த ஓட்டுநரின் பிள்ளைகளைப் பள்ளியில் ‘கொலைகாரன் மகன், கொலைகாரன் மகள்’ என்று சொல்கிறோம். அன்றைய உடையார்குடித் தண்டனையை இன்று நாம் வாயால் கொடுக்கிறோம்.

மறுபக்கமும் உண்டு. சீயமங்கலத் தீர்ப்பில் விளக்கு இருக்கிறது, பசுக்கள் இருக்கின்றன. இறந்தவனின் மனைவி மக்கள் என்ன ஆனார்கள்? அவர்களுக்குப் பால் யார் கொடுத்தார்கள்? தவறு செய்தவனை மன்னிப்போம் என்று இழந்தவர்களிடம் சொல்வது நமக்கு எளிது. அவர்கள் அடுப்பு எரிகிறதா என்று பார்க்காமல் அப்படிச் சொல்ல நமக்கு உரிமை இல்லை.

வழக்கைச் சட்டம் பார்த்துக்கொள்ளட்டும். நம் அன்பியத்தில் இப்படி ஒன்று நேர்ந்தால், நாம் செய்ய வேண்டியவை இரண்டு. இழந்த வீட்டுக்கு முதலில் போவோம்; துக்கம் விசாரிப்பதோடு நிற்காமல் மாதாமாதம் போவோம். அதன்பின் தவறு செய்தவர் வீட்டுக்கும் போவோம். அந்த வீட்டுக் கதவைத் தட்ட நமக்குத் தயக்கமாக இருக்கும், ஆனாலும் போவோம்.

நம் ஆலயத்தில் நற்கருணைப் பேழையின் அருகே எரியும் விளக்கின்முன் மண்டியிடும்போது, இந்த இரு வீட்டாரையும் ஒரே செபத்தில் சேர்த்து நினைக்கும் மனதை ஆண்டவர் நமக்குத் தருவாராக. ஆமென்.