குதிரையுடையதா, மாட்டினுடையதா? வத்தேகம மண்ணில் கிடைக்கும் பழைய இரும்பை அடையாளம் காண்பது எப்படி

வத்தேகமவைச் சூழ்ந்த தோட்டங்களில் கான் வெட்டும்போது துருப்பிடித்த வளையமோ பித்தளைக் கொக்கியோ கிடைத்தால், அது பெரும்பாலும் பழைய இரும்புக் கடைக்கே போய்ச் சேரும். அதற்கு முன் ஒருமுறை உற்றுப் பாருங்கள்.

கொழும்பு - கண்டி குதிரைத் தபால் வண்டி 1832இல் ஓடத் தொடங்கியது. கோப்பித் துரைமார் குதிரையில் தோட்டம் சுற்றினார்கள். ஆனால் கோப்பியைக் கீழே இறக்கியதும் அரிசியை மேலே ஏற்றியதும் மாட்டு வண்டிகள்தான். ரயில் 1867இல் கண்டிக்கும் 1880இல் வத்தேகம வழியாக மாத்தளைக்கும் வந்தது. ஆகவே முதல் கேள்வி, கிடைத்தது குதிரையுடையதா, மாட்டினுடையதா என்பதே.

லாடம்: குதிரையின் குளம்பு பிளவுபடாதது. அதன் லாடம் வளைந்த ஒரே துண்டு. மாட்டின் குளம்பு பிளவுபட்டது என்பதால் ஒரு காலுக்கு இரண்டு சிறிய தட்டையான தகடுகள்.

கடிவாள இரும்பு: இரு முனையிலும் வளையம் கொண்ட கம்பி, பெரும்பாலும் நடுவில் மூட்டு இருக்கும். மாட்டுக்கு மூக்கணாங்கயிறு போதும் என்பதால், இது குதிரைக்கே உரியது.

திருகுள்ள வளையம்: அடியில் திருகாணி இருந்தால், வண்டிக் குதிரையின் முதுகுப் பட்டையில் பொருத்திக் கடிவாள வாரைச் செலுத்திய வளையமாக இருக்கலாம்.

வளைந்த இரட்டைக் கம்பி: குதிரையின் கழுத்துப் பட்டையைச் சுற்றி அமைந்து வண்டியின் இழுவையைத் தாங்கியது. மாட்டுக்கு இந்த வேலையை நுகத்தடி செய்தது.

பித்தளையைப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். வெள்ளி முலாமும் செய்தவரின் முத்திரையும் அழிந்துவிடும். தூரிகையால் மண்ணைத் தட்டி, அளவுகோலுடன் படமெடுத்து, கிடைத்த இடத்தையும் ஆழத்தையும் குறித்து வையுங்கள்.

தேடித் தோண்டுவது வேறு விடயம். 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச்சட்டப்படி, தொல்பொருள் தேடி அகழ்வதற்கு, சொந்தக் காணியிலும்கூட, அனுமதிப்பத்திரம் வேண்டும். மண்ணில் மறைந்திருக்கும் தொல்பொருள் அரசுக்கே சொந்தம். 1815 மார்ச் 2க்கு முந்தையதாகத் தோன்றினால் தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள்.

கோப்பிக் காலப் பொருட்கள் அந்தத் திகதிக்குப் பிந்தியவை. அவற்றைக் காப்பது பெரும்பாலும் கண்டெடுத்தவர் கையில்தான் இருக்கிறது. துரைமாரின் நாட்குறிப்புகள் நூலகங்களில் உள்ளன. அவர்களின் குதிரையைத் தேய்த்துக் குளிப்பாட்டியவர், இரவில் வண்டி ஓட்டியவர் பற்றிய எழுத்து மிகக் குறைவு. கிலோக் கணக்கில் விலைபோகும் இந்த இரும்பு அவர்கள் கைபட்டது.